ஆறாவது வரி

அலுவலகத்தில் அவனுக்கு வைத்த பெயர் அடுக்கு. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், தேநீர் நேரத்தில் யாரோ சும்மா இருக்காமல், "அப்படி என்னதாங்க படிச்சீங்க?" என்று கேட்டுவிட்டார்கள். சமூகவியல் என்று ஒரு சொல்லோடு அவன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எல்லோருடைய தேநீரும் ஆறி ஏடு படியும்வரை, சமூக அடுக்கு என்றால் என்னவென்று விளக்கினான்.

ஏணி வேறு, அடுக்கு வேறு என்று தொடங்கினான். ஏணியில் ஒரு ஆள் தனியாக ஏறுவான், தனியாகவே விழுவான். அடுக்கில் ஆள் கணக்கில்லை, கூட்டம்தான் கணக்கு. ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி வீடு, படிப்பு, நாலு பேர் மத்தியில் எடுபடுகிற சொல், இவை ஒன்றாக வாய்த்தவர்களை ஒரு கோட்டுக்குள் வைத்துப் பார்ப்பது. அந்தக் கோடு தரையில் கிடையாது, பார்க்கிறவர் போடுவது. ஆனால் அதற்குக் கீழே பிறந்தவருக்கு அது கோடு மாதிரி இருக்காது, சுவர் மாதிரி இருக்கும்.

"அடேயப்பா, அடுக்கடுக்கா பேசறாரே" என்றாள் எதிர் மேசைக்காரி. அன்றோடு பெயர் ஒட்டிக்கொண்டது.

அவனுக்கு அதில் வருத்தமில்லை, உள்ளூரப் பெருமைதான். அவன் பரம்பரையில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அவனுடையது. கறுப்பு அங்கி போட்டு, கையில் சுருட்டிய காகிதத்தோடு எடுத்த படத்தை மேசையில் கணினிக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். தூசு படிந்தால் கைக்குட்டையால் துடைப்பான். அதே கைக்குட்டையால் முகத்தையும் துடைத்துக்கொள்வான் என்பது எதிர் மேசைக்காரியின் புகார்.

அந்த எதிர் மேசைக்காரிக்கும் ஒரு பெயர் உண்டு, பென்சில். எந்தப் படிவத்தையும் முதலில் பென்சிலால் நிரப்பி, வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டிச் சரிபார்த்த பிறகே பேனாவைத் தொடுவாள். ஐந்து வருடக் களப்பணியில் அவள் படிவம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அந்த வருடம் அவர்கள் ஆய்வு நிறுவனத்துக்குக் கிடைத்தது பெரிய வேலை. நகரமன்றத்துக்காக ஊரிலிருக்கும் குடும்பங்களை ஐந்து அடுக்குகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். தரை எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது, குழாய் உள்ளேயா வெளியேயா, ஒரு அறையில் எத்தனை பேர் தூங்குகிறார்கள், சம்பாதிப்பவரின் தொழில் என்ன, படிப்பு என்ன என்று நாற்பத்திரண்டு கேள்விகள். பதிலுக்குப் புள்ளி, புள்ளிக்கு அடுக்கு. முதல் அடுக்கு உச்சி. நான்காவதும் ஐந்தாவதும் அடி. குடும்பத்துக்கு எந்த அடுக்கோ, அதன் படிவத்தில் பெயருள்ள எல்லோருக்கும் அதே அடுக்கு.

குடும்பம் என்றால் யார் யார் என்பதற்குக் கையேட்டில் ஒரு விதி இருந்தது. ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டு, ஆறு மாதத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் ஒரு குடும்பம். தனி அடுப்பு இருந்தால் தனிப் படிவம். சந்தேகம் வந்தால் மேற்பார்வையாளர் சொல்வதே முடிவு.

அவன் மேற்பார்வையாளன்.

அவனுக்கு ஒரு அக்கா. அப்பா இறந்தபோது அவள் ஒன்பதாம் வகுப்பு, அவன் இடுப்பில் கயிறு நழுவ ஓடிக்கொண்டிருந்த வயது. அம்மாவின் ஒற்றைக் கூலியில் அடுப்பே சரியாக எரியவில்லை, பள்ளிக்கூடம் எங்கே? அக்கா பையை மூலையில் மாட்டினாள், பிறகு எடுக்கவில்லை. வீட்டோடு தங்கிச் சமைக்கும் வேலைக்கு இந்த நகரத்துக்கு வந்தாள். அம்மாவும் போன பிறகு அவனுடைய விடுதி, புத்தகம், அந்தக் கறுப்பு அங்கியின் வாடகை வரை எல்லாம் யாரோ வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தவை. இப்போது அவளுக்கு நாற்பத்தொன்று. ஒரு எலும்பு மருத்துவர் வீட்டில் ஒன்பது வருடமாக இருக்கிறாள். கல்யாணம் என்ற பேச்சை அவள் எடுக்கவில்லை. எடுக்க வேண்டியவன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான்.

அலுவலகத்தில், "அக்கா என்ன பண்றாங்க?" என்று கேட்டபோது, "ஒரு டாக்டர்கிட்ட வேலை பாக்கறாங்க" என்று சொன்னான். சொல்லில் பொய் இல்லை. எல்லோரும் வெள்ளைக் கோட்டு, மருந்து அலமாரி என்று தாங்களாகவே கற்பனை செய்துகொண்டார்கள். அவன் கலைக்கவில்லை. பென்சில் தன் அம்மாவின் மூட்டுவலியைச் சொல்லி, "உங்கக்காகிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்" என்று ஒருநாள் கேட்டாள். அவன் அக்காவிடம் சொன்னான். அக்கா மருத்துவருக்குக் காலை காபி வைக்கும்போது கேட்டு, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சியை அப்படியே செய்து காட்டினாள். மூட்டுவலி பாதி குறைந்தது. "உங்கக்கா கைராசிக்காரங்க" என்றாள் பென்சில். அவன் சிரித்துவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவுக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு. அவள் வேலை பார்க்கும் பதினொரு மாடிக் கட்டடத்தின் பின்பக்கக் கேட்டுக்கு எதிரே பேருந்து நிறுத்தம். அதன் சிமெண்டு பெஞ்சுதான் அவர்கள் வீடு. அங்கேதான் அவளுக்கும் அடுக்கு பாடம் நடந்தது. அவள் கால்விரலைச் சொடுக்கு எடுத்தபடி கேட்டுவிட்டு, "நான் பதினோராவது மாடியிலதானடா இருக்கேன். அப்ப நான்தான் உச்சி அடுக்கு. நீ வாடகை ரூம்ல கீழ்வீட்டுல கிடக்கற, நீ அடி" என்றாள்.

"எங்க நிக்கறங்கறது இல்லக்கா. கையில என்ன இருக்குங்கறதுதான்."

"கரண்டி இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள்.

அவள் அவனிடம் எதுவும் கேட்டதில்லை. அறையைப் பற்றி மட்டும் ஒரே ஒருமுறை பேசினாள். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கட்டில் போட்ட இடுக்கு அது. இஸ்திரிப் பலகையும், குழந்தைகளின் பழைய சைக்கிளும், வெங்காயக் கூடையும் அங்கேதான். கதவு உண்டு, உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. வீட்டுப் பெரியவர் மருந்து தேடி வருவார், பிள்ளைகள் பந்து தேடி வருவார்கள், யாரும் கெட்டவர்கள் இல்லை, ஆனால் யாரும் தட்டுவதுமில்லை. "புடவை மாத்தறப்போ மெஷினைக் கதவுக்கு முட்டுக் கொடுப்பேன். உள்ளேர்ந்து தாழ்ப்பாள் போடற மாதிரி ஒரு ரூம் இருந்தா போதும்டா. வேற ஒண்ணும் வேண்டாம்."

முதல் சம்பளத்தில் அவன் அவளுக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு சின்ன மின்சார அடுப்பு. அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்து அவளுக்குத் தட்டு கிடைப்பதற்குள் பசி அடங்கிப்போகும். அதனால் தன் இடுக்கில் தனக்கென்று கொஞ்சம் பொங்கிச் சாப்பிட ஆரம்பித்தாள். வீட்டம்மாவுக்குத் தெரியாது. இஸ்திரித் துணியில் சுற்றிக் கட்டிலடியில் வைத்திருந்தாள்.

கணக்கெடுப்புப் பட்டியலில் அந்த மருத்துவர் வீட்டு முகவரியும் இருந்தது. உறவினர் வீடு வந்தால் எழுதிக் கொடுத்துவிட்டு விலக வேண்டும் என்பது விதி. எழுதினால் என்ன உறவு என்று கேட்பார்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றால், அந்தக் கட்டடத்தில் மேற்பார்வையாளர் கூட வந்தால்தான் உள்ளே விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். பென்சிலோடு அவனே போனான்.

வரவேற்பறையில் வீட்டம்மா மரியாதையாக உட்கார வைத்தார். "அக்கா, ரெண்டு பேருக்குத் தண்ணி கொண்டு வாங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

அக்கா தட்டோடு வந்தாள். வாசல்படியில் அவள் கால் ஒரு நொடி நின்றது. அவன் தலையைக் குனிந்து, ஏற்கெனவே மூடியிருந்த பேனாவை மறுபடி மூடினான். அவ்வளவுதான், அவளுக்குப் புரிந்துவிட்டது. அவன் முன்னால் தம்ளரை வைத்து, "எடுத்துக்குங்க சார்" என்றாள்.

அந்த வீட்டம்மாவால் அவளை அக்கா என்று கூப்பிட முடிந்தது. அவனால் முடியவில்லை.

பென்சில் கேள்விகளை ஆரம்பித்தாள். குடும்பத் தலைவரின் தொழில் எலும்பு மருத்துவர் என்றதும் முகம் மலர்ந்து, "இவரோட அக்காகூட எலும்பு டாக்டர்கிட்டதாங்க வேலை பாக்கறாங்க" என்றாள்.

"அப்படியா, யாருகிட்ட?" என்றார் வீட்டம்மா.

"அது... வேற பக்கம்" என்றான் அவன்.

அக்கா சமையலறை வாசலில் வெறுந்தட்டோடு நின்றிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் பிறகு அவனைப் பல நாள் தின்றது.

"உங்க அடுப்புல சமைச்சத சாப்பிடறவங்க எத்தனை பேர்ங்க?"

"நாங்க ரெண்டு பேர், பசங்க ரெண்டு, மாமனார், அப்புறம் எங்க அக்கா. ஆறு. அவங்கள நாங்க குடும்பத்துல ஒருத்தராத்தான் பாக்கறோம்."

பென்சிலின் பென்சில் காற்றில் நின்றது. அக்கா பக்கம் திரும்பி, "நீங்க தனியா எதுவும் சமைச்சுக்கறது உண்டாங்க?" என்றாள்.

அக்கா வீட்டம்மாவைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அந்த அடுப்பை வாங்கிக் கொடுத்தவன், அதன் சிவப்புப் பொத்தான் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தவன், மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் உண்டு என்றால் வீட்டம்மாவின் கோபம். இவன் உண்டு என்றால் அது எப்படித் தெரியும் என்ற கேள்வி.

"ஒரே அடுப்புதான். ஆறுன்னே போடுங்க" என்றான் மேற்பார்வையாளன்.

ஆறாவது வரியில் அக்காவின் பெயர் ஏறியது. குடும்பம் முதல் அடுக்கு.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை மதியம் அக்கா போன் செய்தாள். அவள் வேலை நேரத்தில் கூப்பிடுவதே இல்லை.

"தம்பி, பஸ் டிப்போ பின்னாடி ஒத்த ரூம் வீடு கட்டியிருக்காங்கல்ல. சொந்த வீடு இல்லாதவங்களுக்காம். எங்க பில்டிங் லிஃப்ட்காரருக்கு லெட்டர் வந்திருக்கு. எட்டாவது மாடி ஆயாவுக்கும் வந்திருக்கு. எனக்கு மட்டும் வரல. நீதான அந்தக் கணக்கெடுப்புல இருக்க. என் பேரு எங்க போச்சுன்னு கொஞ்சம் பாரேன்."

"பாக்கறேங்க்கா."

"அங்க உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்காம்டா. லிஃப்ட்காரர் போய்ப் பாத்துட்டு வந்தாரு."

அவன் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் கணினியில் தேடினான். அந்த வீடுகள் நான்காம், ஐந்தாம் அடுக்குக்காரர்களுக்கு. அக்காவின் பெயருக்கு நேரே, தரை பளிங்கு, குளிர்சாதனம் நான்கு, கார் இரண்டு, அடுக்கு ஒன்று. பெஞ்சில் அவள் சொன்ன நகைச்சுவையை அவன் அரசாங்கக் காகிதத்தில் உண்மையாக்கியிருந்தான். ஆட்சேபணை கொடுக்கக் கடைசி நாள் வெள்ளி.

அன்று மாலை நிறுவனத்தில் அவனுடைய உரை. தலைப்பு, சமூக அடுக்கு என்னும் சொல்லின் பொருளும் பயன்பாடும். இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதியது. பக்கம் ஐந்துக்கு வந்தபோது, மேலடுக்கின் சொகுசு கீழடுக்கின் உழைப்பால் தாங்கப்படுகிறது என்ற வரியை வாசித்தான். வாசித்த குரல் தன்னுடையது போலவே இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். இயக்குநர் அம்மா மட்டும், "ஐந்தாம் பக்கத்துல ஏன் அவ்வளவு அவசரம்?" என்று கேட்டார். தண்ணீர் குடித்தான்.

வியாழக்கிழமை காலை பென்சில் பையை மாட்டும்முன் அவள் மேசைக்கு முன்னால் போய் நின்றான்.

"அந்த டாக்டர் வீட்டுல தண்ணி கொண்டு வந்தாங்கல்ல..."

"ஆமா."

"அவங்கதான் எங்கக்கா."

பென்சில் கையிலிருந்த பையை மேசையில் வைத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தாள்.

"எங்கம்மா காலுக்குப் பயிற்சி சொன்னவங்களா?"

"ஆமா."

"அவங்க கையால தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு ஒரு நன்றிகூட சொல்லாம வந்தேனே. என்னையும் சேர்த்துல்ல அசிங்கப்படுத்தியிருக்கீங்க." கொஞ்சம் பொறுத்து, "தனி அடுப்பு இருக்கா?" என்றாள்.

"இருக்கு. நான்தான் வாங்கிக் கொடுத்தேன்."

"நான் அன்னைக்கே கேட்டேன்ல, அடுக்கு. எதுக்குக் கேட்டேன்? அவங்க கண்ணப் பாத்ததும் தெரிஞ்சுது, ஏதோ இருக்குன்னு. நீங்க சொன்னீங்களேன்னு பேனாவால எழுதினேன்."

இயக்குநர் அம்மாவிடம் சொல்வதற்கு அரைமணி நேரம் ஆனது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "மேற்பார்வை வேலையிலேர்ந்து இன்னைக்கே விலகிடுங்க. வருஷம் முடியறவரை தட்டச்சுப் பிரிவு. படிவத்தைத் திரும்ப எடுக்க அனுமதி தரேன், ஆனா நீங்க எடுக்கக் கூடாது" என்றார். கதவு வரை போனவனை நிறுத்தி, "நேத்திக்கு அஞ்சாம் பக்கம், இதுதானா?" என்றார். தலையாட்டினான்.

மாலையில் அக்காவுக்குப் போன் செய்து முழுவதையும் சொன்னான். எதிர்முனையில் பாத்திரம் விழும் சத்தம், குழாய்ச் சத்தம். பிறகு குழாய் நின்றது.

"அன்னைக்கு நான் உன் மானம் போகக் கூடாதுன்னுதான்டா சார்னு சொன்னேன். அதுக்கு என் ரூமா போகணும்?"

அவன் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"நாளைக்கு வா" என்றாள். "முன்வாசல் வழியா வா."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவனும் பென்சிலும் போனார்கள். வீட்டம்மா கதவைத் திறந்ததும் அவன் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னான். "நான் இவங்களோட தம்பிங்க. சொந்தத் தம்பி. போன தடவை சொல்லல. அந்தப் படிவத்துல ஒரு தப்பு நடந்துடுச்சு, அதுக்குக் காரணம் நான்தான். அது என்னன்னா, இந்த அடுப்பு விஷயத்துல..." 

அவன் முடிக்கும்வரை அக்கா காத்திருக்கவில்லை. உள்ளே போனாள். இஸ்திரித் துணிச் சுற்றோடு திரும்பி வந்து, அதைச் சாப்பாட்டு மேசை நடுவில் வைத்துப் பிரித்தாள். சிவப்புப் பொத்தான் வைத்த அடுப்பு.

"இதுலதாங்க எனக்குச் சமைச்சுக்கறேன். நாலு வருஷமா. உங்ககிட்ட சொல்லியிருக்கணும், சொல்லல. கோவிச்சுக்கறதுன்னா கோவிச்சுக்குங்க. ஆனா என் பேரு தனியா இருக்கட்டும்."

வீட்டம்மாவின் முகம் சுருங்கியது. "நாங்க என்ன பட்டினியா போட்டோம்? குடும்பத்துல ஒருத்தியாத்தானே..." என்று தொடங்கியவர், மேசையில் இருந்த அந்தச் சின்ன அடுப்பையே பார்த்துக்கொண்டு நிறுத்திவிட்டார். "ஒயர் பாத்து, அந்த ரூம்ல ஈரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பென்சில் அக்காவின் இடுக்கில், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து புதுப் படிவத்தைப் பிரித்தாள். முதல் வேலையாக, "அம்மா கால் இப்ப நல்லாயிருக்குங்க. ரொம்ப நன்றிங்க" என்றாள். அவனுக்கு உள்ளே இடமும் இல்லை, விதிப்படி அனுமதியும் இல்லை. வாசலில், துவைக்கும் இயந்திரத்துக்கு இந்தப் பக்கம் நின்றான்.

"குடும்பத் தலைவர் பேரு?"

"என் பேருதான் போடணுமா?"

"உங்க வீடு, நீங்கதான் தலைவர்."

தரை, கூரை, குழாய். படிப்பு ஒன்பதாம் வகுப்பு, முடிக்கவில்லை. நிறுத்திய காரணம். அந்த இடத்தில் அக்கா, "அத எழுதாட்டிப் பரவாயில்லங்க" என்றாள். கடைசிக்கு முந்தைய கேள்வி, வேறிடத்தில் வசிக்கும் நெருங்கிய உறவினர்.

அக்கா வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு, "வெளிய நிக்கறாரே சார், அவரக் கேட்டு எழுதிக்குங்க. அவருக்குத்தான் தெரியும்" என்றாள்.

"தம்பி" என்றான் அவன், இயந்திரத்தின் மூடியைப் பார்த்தபடி. "ஒரு தம்பி."

பென்சில் எழுதும் கீச்சொலி கேட்டது. அவள் கூட்டிப் பார்த்து நான்காவது அடுக்கு என்றாள்.

"இவன் எத்தனையாவது?" என்று அக்கா கேட்டாள்.

"ரெண்டாவதுங்க."

"ஒரே வயித்துல பொறந்தோம். நடுவுல மூணாவதுல யாரோ உக்காந்திருக்காங்க பாரு" என்றாள் அக்கா. பென்சில் சிரித்துவிட்டாள். அவனுக்குச் சிரிக்கும் உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

துணைப் பட்டியலில் பெயர் வர ஏழு வாரம் ஆனது. சாவி கிடைத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் போய்ப் பார்த்தார்கள். இரண்டாவது மாடி, நீளமான நடை, வரிசையாகப் பச்சைக் கதவுகள். புதுச் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. வழியெல்லாம் அக்கா பேருந்து நேரம், வாளி, விளக்குமாறு என்று சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டு வந்தாள். அவன் மன்னிப்புக் கேட்க மூன்று முறை வாயெடுத்தான். மூன்று முறையும் அவள், "அந்தப் பக்கம் பள்ளம், பாத்து வா" என்கிற மாதிரி ஏதாவது சொல்லிவிட்டாள்.

கதவைத் திறந்து அவள் முதலில் உள்ளே போனாள். சன்னலைப் பார்க்கவில்லை, குழாயைத் திருகவில்லை. நேராகக் கதவின் உள்பக்கம் திரும்பித் தாழ்ப்பாளைத் தொட்டாள். புது இரும்பு, கொஞ்சம் முரண்டு பிடித்தது.

"இரு, போட்டுப் பாக்கறேன்" என்று கதவைச் சாத்தினாள்.

தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அவன் நடையில் நின்றான். பக்கத்து வீட்டில் யாரோ ஆணி அடித்தார்கள், நிறுத்தினார்கள், மறுபடி அடித்தார்கள். உள்ளே சத்தமே இல்லை. தாழ்ப்பாளைச் சோதிக்க இவ்வளவு நேரம் ஆகாது என்று அவனுக்குத் தெரிந்தது. கதவைத் தட்டக் கையைத் தூக்கினான்.

பிறகு இறக்கிக்கொண்டான். அவளாகத் திறக்கட்டும் என்று சுவரோரமாக நின்றான்.